ஏழு எண்ணும் வரை

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கும் பாறைக்கும் நடுவே, ஆழமான தாமரைக் குளம் ஒன்று இருந்தது. அதில் அல்லியப்பன் என்ற இலைக்கோழி தன் நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்தான். நீண்ட விரல்களை விரித்துத் தாமரை இலைகளின்மேல் நடக்கும் பறவை அது. அந்தக் குலத்தில் அடைகாப்பதும் பிள்ளை வளர்ப்பதும் தகப்பன் வேலை.

அல்லியப்பன் கூச்சக்காரன். யாரிடமும் அதிகம் பேசமாட்டான். ஆனால் காலையில் பிள்ளைகளை இரண்டு முறை எண்ணாமல் இரை தேடப் போகமாட்டான்.

கரையில் நாரை வாத்தியார் பள்ளி நடத்தினார். "ஒற்றைக் காலில் அசையாமல் நில்! அதுதான் முதல் பாடம், அதுதான் கடைசிப் பாடம்" என்பார்.

ஒரு மாலை, பள்ளி விட்டு வந்த கடைக்குட்டி பொட்டு, படித்ததை அப்பாவுக்குக் காட்ட ஆசைப்பட்டாள். இலை நடுவே ஒற்றைக் காலில் அசையாமல் நின்றாள். இலை அமிழ்ந்தது. கழுத்துவரை தண்ணீர் வந்தும் அவள் அசையவில்லை.

அல்லியப்பன் பாய்ந்து வந்து அவளை இறக்கைக்குள் அள்ளிக்கொண்டான். "ஏன் கண்ணே நகரவில்லை?"

"வாத்தியார் நகரச் சொல்லவில்லையே, அப்பா!"

மறுநாள் குஞ்சுகள் பள்ளிக்குப் போகவில்லை.

செய்தி கேட்டுத் தவளை சிரித்தது. "என்னப்பா, நீயே பாடம் சொல்லப்போகிறாயாமே! நீ எத்தனை வகுப்புப் படித்தாய்?"

"படித்தது கொஞ்சம்தான், அண்ணே. நேற்று நான்கு பிள்ளைகள் மூன்றாகியிருக்கும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்."

நாரை வாத்தியார் கோபத்தோடு பறந்து வந்தார். "பதினைந்தாம் நாள் பரீட்சை வைப்பேன். ஒரு குஞ்சு தோற்றாலும், இறகு முளைக்கும்வரை நான்கும் என் கரையில்தான் இருக்கவேண்டும். நீ வந்து பார்க்கவும் கூடாது!"

அல்லியப்பன் அப்போதே பாடம் தொடங்கினான். அவசரமாக ஒரு நத்தை ஓட்டைத் தட்டி மணி அடித்தான். நான்கு பேரையும் ஒரே இலையில் வரிசையாக நிறுத்தினான். தானும் எதிரில் ஏறி நின்று, "அசையாமல் கவனியுங்கள்" என்றான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் இலை மூழ்கியது. ஐந்து பேரும் தண்ணீரில்!

தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. "பள்ளி முழுகிப்போச்சு! பள்ளி முழுகிப்போச்சு!"

அல்லியப்பன் வெட்கத்தோடு பிள்ளைகளை எண்ணினான். நான்கு. மறுபடி எண்ணினான். நான்கு. 'கரைப் பள்ளி வேண்டாம் என்று வந்துவிட்டு, அதையே இலைமேல் தூக்கி வைத்தேனே' என்று நினைத்தான். நத்தை ஓட்டைத் தண்ணீரில் எறிந்தான்.

"வாருங்கள், நடப்போம்."

அன்றிலிருந்து பாடம் நடந்துகொண்டேதான். எந்த இலை இளசு, எந்த இலை பழுத்தது என்று பார்த்தார்கள். யார் ஏறினால் எந்த இலை எத்தனை எண்ணும்வரை தாங்கும் என்று எண்ணினார்கள். நீர்க்கோழி வந்து உட்கார்ந்தால் அதையும் எண்ணினார்கள்.

பதினைந்தாம் நாள் நாரை வாத்தியார் கரையில் நின்று, "வரிசையாக இங்கே வாருங்கள்!" என்று அதட்டினார்.

"ஐயா, பிள்ளைகள் படித்தது குளத்து நடுவில். பரீட்சையும் அங்கேதான்." அல்லியப்பன் கூச்சத்தோடு தலை குனிந்தே சொன்னான். ஆனால் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்கே வைத்தாலும் தோற்கத்தான் போகிறார்கள்" என்று வாத்தியார் பறந்து வந்து, நடுக்குளத்தில் பெரிய இலை ஒன்றில் ஒற்றைக் காலில் இறங்கினார். குஞ்சுகள் அவரைச் சுற்றி இலைக்கு இலை தாவி நடந்தன.

"அசையாமல் நில்லுங்கள்! ஏய், சின்னவளே, இத்தனை நாள் என்ன படித்தாய்?"

பொட்டு நடந்துகொண்டே சொன்னாள்: "ஐயா, நீங்கள் நிற்கிற இலை நீர்க்கோழியைப் பதினான்கு எண்ணும்வரை தாங்கும். நீங்கள் இரண்டு நீர்க்கோழி எடை இருப்பீர்கள். அப்படியானால் ஏழுதான். மூன்று ஆகிவிட்டது, ஐயா."

"அதிகப்பிரசங்கி! நின்று பேசு!"

"நான்கு. நகர்ந்துவிடுங்கள், ஐயா."

"நானா நகர்வேன்? நாற்பது வருஷமாக நான் நகர்ந்ததில்லை!"

"ஐந்து" என்றன நான்கு குஞ்சுகளும். "ஆறு."

ஏழாவது எண்ணுக்குத் தண்ணீர் தெறித்தது. அலகில் பாசியோடு எழுந்த வாத்தியார், சொட்டச் சொட்டக் கரைக்குப் பறந்தார். பரீட்சையின் முடிவைச் சொல்ல அவர் திரும்பி வரவேயில்லை.

மறுநாள் காலை தவளை தன் தலைப்பிரட்டைக் குட்டிகளோடு வந்தது. "அல்லியப்பா, இதுகளையும் உன்னோடு சேர்த்துக்கொள்ளேன்."

"அவர்களுக்கு வால் இருக்கிறது, அண்ணே, இலை எதற்கு? முதலில் நீந்தட்டும். அதை நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்றான் அல்லியப்பன். பிறகு தன் பிள்ளைகளை இரண்டு முறை எண்ணிவிட்டு நடந்தான்.

நீதி: பிள்ளை கால் வைக்கப்போகும் இடத்தை அறிந்து பாடம் சொல்ல வேண்டும், அந்த இடத்தை அறியாதவர் வைக்கும் பரீட்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை.