ஆள்காட்டி தொலைத்த முட்டைகள்

விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், காட்டில் எல்லாப் பேச்சும் இருந்தது. விசாரிப்பது மட்டும் இல்லை. எதுவாவது காணாமல் போனால் எல்லோரும் கூடுவார்கள். யார் மேல் சந்தேகமோ அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார்கள். அதிகத் தலைகள் யாரைப் பார்த்தனவோ அவர்தான் திருடர். பொழுது சாய்வதற்குள் அவர் காட்டை விட்டுப் போய்விட வேண்டும். வேலை சுலபமாக முடிந்ததால் இந்த வழக்கத்தில் யாருக்கும் குறையில்லை, மாட்டிக்கொண்டவரைத் தவிர.

ஒரு கோடையில் ஆள்காட்டிப் பறவை, வற்றிய ஏரியின் நடுவே கூழாங்கற்களுக்கு இடையில் நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு கட்டும் பழக்கம் அதற்கு ஏது? வெயிலில் முட்டைகள் வெந்துவிடாமல் இருக்க, குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அவற்றின் மேல் உட்காரும். அதுவும் சந்தேகப் பிராணிதான். முட்டை இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாதென்று, எழுந்ததும் பறக்காது. சுற்றி வளைத்து நடந்து போய்த்தான் சிறகை விரிக்கும். அன்று அளவுக்கு மீறிச் சுற்றிவிட்டது. திரும்பி வந்து இறங்கிய இடத்தில் முட்டைகளைக் காணோம்.

அது போட்ட கூச்சலில் காடே கூடியது. பக்கத்துக் கருவேல நிழலில் நாய் படுத்திருந்தது. வெக்கை தாங்காமல் வாயை ஒருமுறை நக்கிக்கொண்டது. போதாதா? எல்லாத் தலைகளும் திரும்பின. அதன் வளைந்த வாலைப் பார்த்தபோதே தனக்குப் பிடிக்கவில்லை என்றது நரி. நேற்றும் அது இங்கேதான் படுத்திருந்தது என்றது முயல்.

நாய் எழுந்து நின்றது. "நான் போறேன். அதுக்கு முன்னாடி, யாராவது கால்தடத்தைப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. நாய் தரையில் மூக்கை வைத்தது. மணலில் நாய்த்தடம் ஒன்றுகூட இல்லை; ஆள்காட்டி நடந்து போன மூன்றுவிரல் தடம் மட்டுமே இருந்தது. அதைப் பின்னோக்கி முகர்ந்துகொண்டே வளைந்து வளைந்து போய் ஓரிடத்தில் நின்றது. கற்களோடு கற்களாக நான்கு முட்டைகளும் அங்கேதான் கிடந்தன. ஆள்காட்டி ஓடிப் போய் அவற்றின் மேல் உட்கார்ந்தது.

"இடம் இவ்வளவு சரியாத் தெரியுதே," என்றது நரி. "ஒளிச்சு வச்சவனுக்குத்தானே தெரியும்?"

தலைகள் மறுபடியும் திரும்பின. ஆள்காட்டியின் தலையும்தான். அதுதான் நாய்க்கு வலித்தது. அது மனிதர்களின் ஊர்ப்பக்கம் நடந்தது.

நாட்கள் போய், நான்கில் ஒரு முட்டைதான் பொரிந்தது. மற்ற மூன்றும், எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டு நின்ற நேரத்தில் வெயிலில் வெந்துபோயிருந்தன.

தடம் பார்க்கும் வித்தையை மனிதர்கள் நாயிடமிருந்து கற்றார்கள். விசாரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'இன்வெஸ்டிகேட்' என்கிறார்களே, அந்தச் சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டினாலும் கிடைப்பது கால்தடம்தான். ஆள்காட்டி மட்டும் இன்னும் திருந்தவில்லை. யார் வந்தாலும், யார் எவரென்று கேட்காமலே கத்துகிறது. எங்கே போனாலும் நாய் முதலில் தரையை முகர்ந்து பார்ப்பது அன்று தொடங்கியதுதான். அடுத்த பழி வருவதற்குள் தடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டுமே.