ஏழாவது குழியும் பாதி கறுத்த பந்தும்

நீங்கள் வெடித் திரியில் நெருப்பு வைத்த அதே நிமிஷத்தில் ஊரே ஆடினால், யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

சென்றாயன் தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

முப்பது வருஷமாகக் கிணறுகளுக்கு வெடி வைக்கிறவர். அன்றைக்கு ஏழு குழி போட்டார், ஏழு வெடித் தோட்டா இறக்கினார். புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்று, ஒரு சத்தத்துக்கு ஒரு விரலாக மடக்கினார். எல்லா விரலும் மடங்காமல் யாரையும் கிணற்றில் இறங்க விடமாட்டார்.

ஆறு விரல் மடங்கியது.

ஏழாவது சத்தம் வரவில்லை. பூமி ஆடியது.

ஊரில் சுவர்கள் விரிந்தன. பக்கத்து வீட்டு மங்கம்மாவின் மாட்டுக்கொட்டகைச் சுவர் விழுந்து அவள் கால் முறிந்தது.

எண்ணியது அவர் ஒருவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். எட்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள், குன்றின் மேலிருக்கும் நிலநடுக்க நிலையத்துக்கு ஏறி வந்தார்.

அங்கே பூமியின் ஆட்டத்தைப் படிக்கிறவள் தமயந்தி. வயது முப்பதுகூட இருக்காது. இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

“உக்காருங்கண்ணா. டீ போடறேன். இவளைக் கொஞ்சம் பிடிங்க.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இந்தக் கையால வேணாம்மா.”

அவள் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு டீ போட்டாள்.

டீ ஆறிப்போனது. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“வெளிய வெடிச்சா சத்தம் வரும். உள்ள இறங்கி வெடிச்சா சத்தம் வராது, பூமிதான் ஆடும். நாந்தானேம்மா?”

தமயந்தி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பார்வை சுவருக்குப் போனது. அங்கே பெரிய வரைபடம் ஒன்று. அதில் ஊருக்கு ஊர் சின்னச் சின்னப் பந்துகள் வரைந்திருந்தன.

“பாப்பா விளையாடறதுக்கா?”

“பூமி விளையாடினது. பந்து ஒண்ணுக்கு ஒரு நிலநடுக்கம்.”

எல்லாப் பந்திலும் கறுப்பும் வெள்ளையும் கூறு போட்ட மாதிரி கலந்திருந்தது. ஒன்று மட்டும் முழுக்கக் கறுப்பு.

“இது?”

“அது நிலநடுக்கம் இல்ல. கல்குவாரி வெடி.”

சென்றாயன் வரைபடம் முழுக்கத் தேடினார்.

“எங்க ஊருப் பந்து எங்கம்மா?”

“இன்னும் போடல. இவளுக்கு ஒரு வாரமா காய்ச்சல், ராத்திரி பகல் தெரியல எனக்கு. நீங்களே போடுங்க.”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே.”

“மை வைக்கத் தெரியுமில்ல?”

குழந்தையின் மை டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு காகிதம். காகிதத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பதினாறு புள்ளி.

“நடுவுலதான் ஆட்டம் தொடங்கிச்சு. புள்ளியெல்லாம் அங்கங்க நாங்க வச்சிருக்கிற மிஷின். இப்ப சொல்லுங்க, வெடி வச்சா கல்லு எந்தப் பக்கம் தெறிக்கும்?”

“நாலு பக்கமும்.”

“ஒண்ணாவது கிணத்தைப் பாத்துத் திரும்பி வருமா?”

“அதெப்படி வரும்? எல்லாத்தையும் வெளியதான் தள்ளும்.”

“அப்ப அத்தனை மிஷினுக்கும் முதல்ல விழறது தள்ளுதான். தள்ளு வாங்கினா மிஷின் தாள்ல போடற கோடு மேல குதிக்கும். முதல் குதியை மட்டும் பாருங்க. மேல குதிச்சா மை வைங்க. கீழ இறங்கியிருந்தா அது இழுப்பு, அந்தப் புள்ளியை விட்டுடுங்க.”

மிஷினுக்கு ஒன்றாகப் பதினாறு தாளை அடுக்கிக் கொடுத்து, எந்தத் தாளுக்கு எந்தப் புள்ளி என்று விரலால் காட்டினாள்.

முதல் தாள் மேலே. மை வைத்தார்.

இரண்டாவது மேலே. மை வைத்தார்.

மூன்றாவதும் மேலே.

“பாத்தியாம்மா,” என்றார்.

“எண்ணி முடிக்கறதுக்குள்ள ஏண்ணா கிணத்துல இறங்கறீங்க?”

நான்காவது தாளை எடுத்தார். வெகு நேரம் பார்த்தார்.

“தாளு தலைகீழா இருக்குதா?”

“நேராத்தான் இருக்கு.”

கோடு கீழே இறங்கியிருந்தது.

ஐந்தாவதும் கீழே. ஆறாவது மேலே. அதற்கப்புறம் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பதினாறும் முடிந்ததும் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். வட்டத்தில் எதிரெதிரே இரண்டு கூறு கறுப்பு. மற்ற இரண்டும் வெள்ளை.

“இந்த வெள்ளைப் பக்கம் இருக்கற மிஷினை எல்லாம் ஏதோ உள்ள இழுத்திருக்கே?”

“ஆமா.”

“வெடி இழுக்காதேம்மா.”

“வெடிக்காரர் நீங்க. நீங்க சொன்னா சரிதான்.”

“பின்ன எது இழுக்கும்?”

தூளிக்கு மாற்றாக வைத்திருந்த பழைய சேலையைத் தரையில் விரித்தாள்.

“ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல அழுத்தி வைங்க. வலது கையை முன்னால தள்ளுங்க. இடது கையைப் பின்னால இழுங்க.”

தள்ளினார். இழுத்தார்.

வலது கைக்கு முன்னால் சேலை சுருங்கி மடிந்தது, பின்னால் விறைத்தது. இடது கைக்கு முன்னால் விறைத்தது, பின்னால் சுருங்கி மடிந்தது. தள்ளு வாங்கி மடிந்த இரண்டும் எதிரெதிரே, இழுபட்டு விறைத்த இரண்டும் எதிரெதிரே.

அவர் சேலையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி சேலையைப் பார்த்தார்.

“ரெண்டு பாறை,” என்றார். “ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு நகந்திருக்கு.”

தமயந்தி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“என் வெடிதான் அதைக் கிளப்பி விட்டிருக்குமோ?”

“உங்க குழி எத்தனை ஆழம்?”

“ஆறடி.”

“இது நகந்தது பதினோரு கிலோமீட்டருக்குக் கீழ.”

சென்றாயன் சிரித்துவிட்டார். ஒன்பது நாள் சேர்த்து வைத்த சிரிப்பு. தூளியில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

“அப்ப ஏழாவது?”

“அதுக்கு எங்கிட்ட மிஷின் இல்லண்ணா.”

அவர் யோசித்தார். பழையபடி வெடிக்காரராக யோசித்தார்.

“திரி நமுத்திருக்கும். குழியிலயே கெடக்கு, திருட்டுப்பய. நல்லவேளை முள்ளைப் போட்டேன். தண்ணி விட்டு ஊற வச்சு, பதமா எடுத்துடறேன்.”

ஏழாவது விரலை மடக்கினார்.

குழந்தையின் அழுகை ஏறியது. தமயந்தி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சென்றாயன் வாசலுக்குப் போய்க் கை கழுவினார். மை போகவில்லை. இன்னொரு தரம் தேய்த்தார். அப்படியும் போகவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“பாப்பாவை இப்படிக் குடும்மா.”