சந்தனராஜ் சார் கெர்னல்

ஒரு துறைமுகத்தில் சந்தனராஜ் என்றொரு தலைமைப் பொறியாளர் இருந்தார். வாயைத் திறந்தால் உத்தரவுதான் வரும். கிரேன்களை இயக்கும் கம்ப்யூட்டருக்குப் புதுக் கெர்னல், அதாவது அதன் அடிப்படை மென்பொருள், போடும் வேலை ஒப்பந்த ஊழியன் பிச்சைக்கனியிடம் வந்தது. எந்த வகை ஃபைல் ஓடலாம், எது கூடாது என்று முடிவு செய்வது அந்தக் கெர்னல்தான்.

“கண்டதையும் எதுக்கு ஓட விடணும்? ஈ.எல்.எஃப்.ங்கிற புரோகிராம் ஃபைல் ஒண்ணு போதும். வரிவரியா கட்டளை எழுதின ஸ்கிரிப்ட் ஃபைல் ஓடாதபடி வெட்டி விடு,” என்றார் சார்.

“சார், மெஷின் எழும்புறதே ஸ்கிரிப்டாலதான். வெட்டினா பாதியில நின்னுரும்.”

“எனக்கே பாடமா? நாளைக்கு சேர்மன் முன்னால ஓடணும். ஓடலைன்னா நீ வீட்டுக்குப் போ.”

வெட்டினாலும் வேலை போகும், வெட்டாவிட்டாலும் போகும். கனி தலையாட்டினான்.

மறுநாள் சேர்மன் வந்தார். வெளியே கப்பல் சரக்கோடு காத்து நின்றது. கனி மெஷினைப் போட்டான். புதுசு போட்டாலும் பழசை அழிக்காமல் வைப்பது அந்த வேலையின் வழக்கம். எதில் தொடங்குவது என்று கேட்டுத் திரையில் இரண்டு வரிகள் தெரிந்தன: ‘பழைய கெர்னல்’, ‘சந்தனராஜ் சார் கெர்னல்’.

“சார் சொன்னபடியே வெட்டியாச்சுங்கய்யா. அவர் கையாலயே தொடங்கட்டும்,” என்றான் கனி சேர்மனிடம்.

சாரின் விரல் விசைமேல் நின்றது. கப்பல் ஒருமுறை ஊதியது. சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பழைய கெர்னலை அழுத்தினார். மெஷின் எழும்பியது, கிரேன் அசைந்தது.

சேர்மன் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

“உம்ம பேர் போட்டதை நீரே நம்பலையேய்யா?”