காணாமல் போகாத எலுமிச்சம்பழம்

"டீச்சர், நான் விட்டுருதேன்" என்றார் சவரிராயன்.

"எதை?"

"வித்தையை."

சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டைக் காலி செய்கிறவர் சாவியை வைப்பதுபோல வைத்தார்.

ஜெய்த்தூன் டீச்சருக்கு முப்பத்தொரு வயது. தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில், சனிக்கிழமைதோறும் கைவித்தை சொல்லிக்கொடுப்பார்.

சவரிராயனுக்கு ஐம்பத்து மூன்று. பேக்கரியில் மக்ரூன் போடுகிறவர். முப்பது வருஷமாக அதே முந்திரி, அதே சீனி, அதே கூம்பு. அந்தக் கைகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்தது இந்த வித்தை ஒன்றுதான்.

முதல் நாலு மாதம் மனுஷன் பறந்தார். அறுத்த கயிறு ஒட்டியது. கைக்குட்டை நிறம் மாறியது. கடையில் மாவு பிசைகிறவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

அப்புறம் இந்தப் பழத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

பார்க்கச் சின்ன வித்தை. வலக்கையில் இருக்கும் பழத்தை இடக்கையில் வைப்பதுபோல வைக்க வேண்டும். ஆனால் வைக்கக் கூடாது, வலக்கையிலேயே மறைத்துக்கொள்ள வேண்டும். மூடிய இடக்கையை ஊதித் திறந்தால் பழம் இருக்காது.

ஐந்து மாதமாகச் சவரிராயனின் பழம் காணாமல் போக மறுத்தது. பழகிப் பழகி நசுங்கிய பழங்களை எல்லாம் அவர் மனைவி தெரசம்மாள் உப்பில் போட்டாள். அந்தத் தெருவில் யாரும் ஊறுகாய் வாங்கியே நாளாயிற்று.

"எத்தனை தடவ பழகுதீங்க அண்ணாச்சி?"

"தினம் இருநூறு. கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு."

"கண்ணாடியில எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு டீச்சர். பழம் போற இடமே தெரியல. ஆளுக முன்னால செஞ்சாத்தான் கெட்டுப்போகுது. போன வாரம் மூணு வயசுப் பிள்ளை ஒண்ணு, 'அந்தக் கையில இருக்கு தாத்தா'ங்குது."

"அக்கா என்ன சொல்லுதாங்க?"

"அவ பாக்கதே இல்ல. 'நல்லா இருக்கு'ங்கா. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுதா."

இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

டீச்சர் எழுந்தார். சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தினார். அவருடைய போனையே வாங்கிக்கொண்டார்.

"எப்பவும் செய்யுத மாதிரி பத்துத் தடவ செய்யுங்க."

செய்தார். டீச்சர் படம் பிடித்தார். கையைப் பிடிக்கவில்லை, முகத்தைப் பிடித்தார்.

பிறகு போனை அவரிடம் கொடுத்துவிட்டு, சன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சவரிராயன் பார்த்தார். பழம் கைமாறும் அந்த நொடியில், அவருடைய இரண்டு கண்களும் மூடித் திறந்தன.

மறுபடி பார்த்தார். மறுபடியும் மூடின.

பத்துத் தடவைக்குப் பத்துத் தடவை.

"டீச்சர்!"

"சொல்லுங்க."

"அப்ப, அஞ்சு மாசமா நான் இதை ஒருக்காகூடப் பாக்கலியா?"

"ஒருக்காகூட."

சவரிராயன் தலையில் கைவைத்தார். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. "ஊர்ல ஒருத்தரையும் ஏமாத்த முடியலன்னு அழுதேனே! ஒருத்தன் தினம் இருநூறு தடவ ஏமாந்துக்கிட்டுல்லா இருந்திருக்கான்!"

டீச்சரும் சிரித்தார்.

"சரி, இனிமே கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுப் பழகுதேன்."

"வேண்டாம்" என்றார் டீச்சர். "ஒரு வாரத்துக்குக் கண்ணாடியும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பழத்தை இந்தக் கையிலருந்து அந்தக் கைக்குக் குடுங்க. நெசமாவே குடுங்க."

"நெசமாவே குடுத்தா அதுல என்ன வித்தை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

மேசையிலிருந்த பழத்தை எடுத்து, அவர் சட்டைப்பையில் போட்டு அனுப்பினார்.

அந்த வாரம் சவரிராயன் கொடுத்தார். அடுப்பு சூடாகும் நேரம் கொடுத்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது கொடுத்தார். வலக்கையிலிருந்து இடக்கைக்கு, மறுபடி வலக்கைக்கு.

மூன்றாம் நாள் ஒரு விபரீதம் தெரிந்தது. நிஜமாகக் கொடுப்பதும் அவருக்கு வரவில்லை. விரல் விறைத்தது. முழங்கை தூக்கிக்கொண்டது. பழம் உண்மையிலேயே இடக்கையில் இருந்தது. ஆனால் அவருக்கே அது திருடினது மாதிரி இருந்தது.

மற்றவர்கள் எப்படித்தான் கொடுக்கிறார்கள்?

கடையில் நின்று பார்க்க ஆரம்பித்தார். ஒரு பெண் கைக்குழந்தையிடம் பிஸ்கட் கொடுத்தாள். குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் வாய் திறந்துகொண்டது. ஒரு பெரியவர் ரொட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தார். வைத்த பிறகும் அந்தக் கைக்குப் பையை விட்டு வர மனசில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் நண்பனிடம் பப்ஸை நீட்டினான்; பேச்சு ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது.

பார்க்கப் பார்க்கச் சவரிராயனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முப்பது வருஷமாக இதே கடையில்தான் இருக்கிறார். இதை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டு தட்டு மக்ரூன் கருகிப்போயிற்று.

சனிக்கிழமை மாடி ஏறினார்.

"டீச்சர், நிலைமை மோசம். முன்னால ஏமாத்தத்தான் வராது. இப்ப குடுக்கவும் வரல."

டீச்சர் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்படியா!" என்றார், நல்ல செய்தி கேட்டவர்போல.

அதற்குள் கீழிருந்து டீ வந்தது. டீச்சர் ஒரு கிளாஸை அவரிடம் நீட்டினார். வாங்கினார். சூடாக இருந்ததால் கை மாற்றினார். குடித்தார்.

"இப்ப கை மாத்துனீங்களே. அது எப்படி இருந்துச்சு?"

"அதை யாரு பாத்தா? டீ சுட்டுது, மாத்துனேன்."

"ம்" என்றார் டீச்சர். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

சவரிராயன் மண்டையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஞாயிறு. தெரசம்மாள் பூசை முடிந்து, மீனும் வாங்கிக்கொண்டு வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். ஐஸ் மீனைக் கழுவ உட்கார்ந்தவள், கத்தியை எடுக்கவே இல்லை.

"உங்களுக்கு விசயம் தெரியுமா? எதுத்த வீட்டு லூர்துராஜ் மகனுக்கு இன்னைக்குக் கோயில்ல ஓலை வாசிக்கணும்லா?"

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் வாசிக்கிற காகிதத்துக்கு அங்கே ஓலை என்று பெயர். பாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் அதை வாசிப்பார்.

"ஆமா, வாசிச்சாங்களா?"

"எங்க வாசிக்க? உபதேசியார் அதைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாரு. ஆடு வந்து தின்னுட்டு!"

"யாரு வீட்டு ஆடு?"

"மாப்பிள்ளை வீட்டு ஆடுதான்!"

சவரிராயன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையில் வழக்கம்போலப் பழம் இருந்தது.

"மனுசன் அசரலையே. எல்லாம் மனப்பாடமா இருக்குன்னு பீடத்துல ஏறிட்டாரு. ஏறி, பொண்ணு பேருக்குப் பதிலா பொண்ணோட அம்மா பேரை வாசிச்சுட்டாரு!"

"அட ஆண்டவரே!"

மீன் வாடை போகத் தேய்க்க அவளுக்கு எலுமிச்சை வேண்டியிருந்தது. "அதை இப்படித் தாங்க" என்று ஐஸில் மரத்த கையை நீட்டினாள். "'யாருக்காவது ஆட்சேபணை உண்டா'ன்னு கேக்காரு..."

"உண்டாமா?" என்று பழத்தை அவள் கையில் வைத்தார். அவள் விரல்கள் மூடிக்கொண்டன.

"பொண்ணோட அப்பா எந்திரிச்சு, 'எனக்கு இருக்கு'ங்காரு!"

இருவரும் சிரித்து ஓய ரொம்ப நேரமாயிற்று. தெரசம்மாள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பழத்தை நறுக்கக் கையைத் திறந்தாள்.

கை காலி.

"பழம் எங்க?"

"குடுத்தேனே!"

"குடுத்தீங்க. எங்க?"

மீன் சட்டியைத் தூக்கிப் பார்த்தாள். முறத்தைத் தள்ளிப் பார்த்தாள். சவரிராயன் மண்டிபோட்டுக் குனிந்து அடுப்புக்கு அடியில் தேடினார். எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். உள்ளங்கை தரையில் படவில்லை. நடுவில் ஏதோ உருண்டது.

திருப்பிப் பார்த்தார்.

தெரசம்மாளும் பார்த்தாள்.

அவள் பழத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பழத்தைப் பார்த்தாள். பிறகு மீன் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா செய்ங்க!"

ஒன்பது மாதத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை.

செய்தார். "தெரியுது" என்றாள். மறுபடி செய்தார். "ஐயே, அந்தக் கையில இருக்கு" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவர் டீச்சர் மாடிக்கே ஓடினார். மறுநாள் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்காக டீச்சர் பட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டு டீச்சர்! ஒருக்கா வந்துட்டு! ஆனா மறுபடி வர மாட்டேங்குது. எந்த விரல் எங்க இருந்துச்சு, ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதைத்தான் சொல்லித் தரணும்."

டீச்சர் மடித்துக்கொண்டே கேட்டார். "அக்கா என்ன சொல்லிக்கிட்டு இருந்தாங்க?"

"அதை விடுங்க டீச்சர், விரல்..."

"என்ன சொன்னாங்க?"

"அது ஒரு ஆட்டுக் கதை."

"சொல்லுங்க."

சவரிராயன் சொல்ல ஆரம்பித்தார். ஆடு மாதிரி தாடையை அசைத்துக் காட்டினார். உபதேசியார் மாதிரி மார்பை நிமிர்த்தி ஏறினார். டீச்சர் மடிப்பதை நிறுத்திவிட்டார். பெண்ணின் அம்மா பேர் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்த நேரம் பாத்து அவ கையை நீட்டுதா" என்று தன் இடக்கையை நீட்டினார். வலக்கையில் பழம் இருந்தது. "நான் வச்சேன். அவ மூடிக்கிட்டா. 'ஆட்சேபணை உண்டா'ன்னு கேக்காரு. பொண்ணோட அப்பா, அந்தப் பாவப்பட்ட மனுசன், பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்காரு டீச்சர். எந்திரிச்சு, 'எனக்கு இருக்கு பாதர்'!"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ கையைத் தொறந்தா..." என்று சவரிராயன் இடக்கையைத் திறந்தார். கை காலி.

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். அந்தக் கையைப் பார்த்தார்.

பிறகு மெல்லக் குனிந்து, மேசைக்கடியில் பார்த்தார்.