நண்டு ஆயாவுக்காக மன்றாடுவோம்

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் சிஸ்டர் அலாய்சியா என்ற நாரை பள்ளிக்கூடம் நடத்திவந்தார். பெயர் குளத்து மாதா தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, ஒரு மணி, மாதா சிலை வைத்த ஒரு கெபி, வாரத்துக்கு ஒரு விழா.

சிஸ்டருக்கு வெள்ளை உடுப்பு, நீண்ட மூக்கு, ஒற்றைக்கால் நிலை. வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார். மீன் மாமிசத்தில் சேராது என்பது அவர் செய்துகொண்ட முடிவு. மற்ற எந்தக் கேள்விக்கும், "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். யோசித்து அவர் எதுவும் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தப் பள்ளியில் ஒரே ஒரு கட்டளைதான் கண்டிப்பு: வேலிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அதனால் முயல்குட்டியும் நரிக்குட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லின. வேலிக்கு வெளியே நடப்பதை சிஸ்டர் கேட்பதில்லை. கேட்டால் யோசிக்க வேண்டியிருக்குமே!

பள்ளிக்கு ஒரு வாரமடல் உண்டு. அதை எழுதுபவர் மெட்டில்டா என்ற தவிட்டுக்குருவி. ஏழு அக்கா தங்கைகளில் மூத்தவர். வெள்ளிதோறும் புங்க மரத்தில் மடலை மாட்டுவார். மாட்டினால் போதுமா? காலை ஜெபக் கூட்டத்தில் கிளையில் ஏறி நின்று வாசிக்கவும் செய்வார்.

மடலில் எல்லாம் இருக்கும். எந்த வகுப்பு சுத்தமான வகுப்பு, யாருக்குப் பிறந்தநாள், கெபிக்குப் பூ வைத்தது யார் என்று ஒன்றும் விடாது. ஆனால் எல்லோரும் காத்திருப்பது கடைசிப் பத்திக்குத்தான். அதன் பெயர் 'இவ்வார மன்றாட்டு'.

பிறர் வீட்டுச் சங்கதியைப் பேசினால் அது புறணி. அதையே கண்ணை மூடிக்கொண்டு பேசினால் மன்றாட்டு. மெட்டில்டா கண்ணை மூடுவதில் கெட்டிக்காரர்.

"கால் சுளுக்கி ஓட முடியாமல் பனங்காட்டு மேட்டில் கிடக்கும் முயல் அண்ணனுக்காக மன்றாடுவோம்!"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று குட்டிகளும் பெற்றோரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

"வடக்கு வேலிக்கு வெளியே அருகம்புல்லில் ஆறு முட்டை இட்டிருக்கும் கௌதாரி சலேத்து, பகலில் இரை தேடப் போகும்போது முட்டைகள் பத்திரமாக இருக்க மன்றாடுவோம்!"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

எல்லோரையும் விட உரக்கச் சொல்பவர் நரி ஞானாதிக்கம். பெற்றோர் சங்கத் தலைவர். சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வரும். சில நாள் வாயிலும் வரும்.

மறுவாரம் அதே மடலில் இரங்கல் செய்தி வரும். முயல் அண்ணனைக் காணவில்லை. ஆறு முட்டையும் ஓடாகக் கிடந்தன. "ஆண்டவர் சித்தம்!" என்று மெட்டில்டா பெருமூச்சு விடுவார். சலேத்து மட்டும் கடைசி வரிசையில் நின்று, வாய் திறக்காமல் அழுவாள். முதல் வாரச் செய்தியையும் மறுவாரச் செய்தியையும் சேர்த்துப் படிக்க அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அது பள்ளிக்கூடம்!

மதியக் கஞ்சி காய்ச்சும் ஆயா ஒரு நண்டு. பெயர் செவத்தியம்மா. ஒரு கொடுக்கால் கீரை நறுக்குவார், மறு கொடுக்கால் கஞ்சி கிண்டுவார். மீதி எட்டுக் காலால் அடுப்பங்கரை முழுக்க ஓடுவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் கிள்ளின மாதிரி இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவர் சிஸ்டரிடம் விடுப்புக் கடிதம் கொடுத்தார்.

"ஓடு கழற்றுற காலம் வந்துடுச்சு சிஸ்டர். ஒரு வாரம் ஆகும். புது ஓடு இறுகுற வரைக்கும் நான் வெறும் சதைதான். மூணாம் பாறைக்கு அடியில இருப்பேன். தயவுசெஞ்சு இது நமக்குள்ளேயே இருக்கட்டும்!"

"பாவசங்கீர்த்தன ரகசியம் மாதிரி காப்பாத்துவேன்!" என்றார் சிஸ்டர். கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லும் வைத்தார். பிறகு குளத்துக்குப் போய்விட்டார்.

செய்தி சேகரிக்க வந்த மெட்டில்டாவுக்கு அந்தக் கல் ஒரு பாரமா?

மறுநாள் வெள்ளி. மெட்டில்டா கிளையில் ஏறினார். கண்ணை மூடினார்.

"நம் அன்புக்குரிய நண்டு ஆயா, ஓடு முழுவதும் கழன்று, மெத்தென்ற உடம்போடு, குளக்கரை மூன்றாம் பாறைக்கு அடியில் தனியாக வாடுகிறார். அவருக்காக மன்றாடுவோம்!"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

"மெத்தென்ற..." என்று நரியார் மெதுவாக இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று மதியமே மூன்றாம் பாறைக்கு வெளியே மண் சரசரத்தது. செவத்தியம்மா வளைக்குள் இன்னும் உள்ளே ஒடுங்கினார்.

"செவத்தியம்மா! தங்கச்சி! நான்தான் ஞானாதிக்கம். ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி. இந்தப் பக்கம் எங்கே?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே! நோயாளியைப் பார்க்கப் போறது கருணைச் செயல் இல்லையா?"

"எனக்கு நோயே இல்லையே! வருஷா வருஷம் கழற்றுற ஓடுதான். நான் இங்கே இருக்கேன்னு யார் சொன்னா?"

"வாரமடல்ல போட்டிருக்காங்க. விலாசத்தோட! படிச்சப்போ எனக்கு அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு."

நிறைய வேண்டியது நெஞ்சு இல்லை என்று செவத்தியம்மாவுக்குத் தெரியும்.

"காத்து வர்ற மாதிரி வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தர்றேன்" என்று நரியார் இரண்டு காலாலும் பறிக்க ஆரம்பித்தார். மண் உதிர்ந்து செவத்தியம்மா மேல் விழுந்தது. வழக்கமாக அது அவர் ஓட்டில் தட்டித் தெறிக்கும். இன்று ஒவ்வொரு மண்கட்டியும் சுருக்கென்று வலித்தது. கொடுக்கைத் தூக்கிப் பார்த்தார். ஊறிப்போன அப்பளம் மாதிரி தொங்கியது.

அப்போது பள்ளியில் கஞ்சி மணி அடித்தது. குட்டிகள் கை கழுவக் குளத்துக்கு ஓடிவந்தன. நரியார் சட்டென்று எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, தலைவர் முகத்தை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குச் சனிக்கிழமை, பள்ளி லீவு. காலையிலேயே வந்து நிதானமா மன்றாடுறேன் தங்கச்சி!"

செவத்தியம்மா உட்கார்ந்து யோசித்தார். ஓட முடியாது. புது ஓடு இறுக இன்னும் ஆறு நாள். பாறை நாளைக் காலை வரைக்கும்கூடத் தாங்காது. சிஸ்டரிடம் சொன்னால் யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் இரங்கல் செய்தி வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து வளை வாசலில் ஒரு மஞ்சள் மூக்கு நீண்டது.

"செவத்தி! எப்படியிருக்கே? சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். ரொம்ப வலிக்குதா? எந்த இடத்தில வலிக்குது? எத்தனை நாளா? வீட்டில ஏதாச்சும் பிரச்சனையா?"

செவத்தியம்மா இருட்டுக்குள் சிரித்துக்கொண்டார். ஆறு நாளைக்கு அவருக்குக் கொடுக்கு இல்லை. ஆனால் மெட்டில்டாவின் நாக்கு இருக்கிறதே!

"மெட்டில்டாக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

"நானா? என் வாய் கல்லறை மாதிரி!"

"ஆண்டவரோட கல்லறைகூட மூணாம் நாள் திறந்துச்சேக்கா!"

"அட, சொல்லு செவத்தி!"

"இந்தப் பாறை எனக்குச் சரிப்படலை. சாயங்காலமே தாழம்புதருக்குக் கீழே இருக்கிற பெரிய வளைக்கு மாறிடுவேன். வாசல் ரொம்ப அகலம், அதான் பயமா இருக்கு. ஒருத்தர் தலையை விட்டாக்கூட உள்ளே போயிடும். யாருக்கும் தெரியக் கூடாது!"

"சத்தியமா!" என்றார் மெட்டில்டா. சொல்லும்போதே இறக்கை விரிந்துவிட்டது.

வாரமடல் வருவதற்கு இன்னும் ஏழு நாள். அதுவரை ஒரு செய்தியை வயிற்றில் வைத்திருப்பது தவிட்டுக்குருவியால் ஆகிற காரியமா? பொழுது சாய்வதற்குள் புங்க மரத்தில் புதுத் தாள் தொங்கியது. 'அவசர மன்றாட்டு' என்று தலைப்பு. தாழம்புதர், பெரிய வளை, அகலமான வாசல் எல்லாம் இருந்தன. தங்கைகள் ஆறு பேரும் ஆறு மரத்தில் உட்கார்ந்து அதை ஒப்பித்தார்கள்.

நரியார் படித்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

தாழம்புதர் வளை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பள்ளியின் இரவுக் காவலாளி வியாகுலத்துடையது. வியாகுலம் ஒரு முள்ளம்பன்றி. விடிய விடிய வேலியைச் சுற்றிவிட்டு, விடிந்ததும் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுப்பார். சங்கத் தலைவர் என்றைக்காவது காவலாளியின் வீடு எது என்று கேட்டிருந்தால்தானே!

சனிக்கிழமை காலை நரியார் தாழம்புதருக்கு வந்தார். "தங்கச்சி, மன்றாட வந்திருக்கேன்!" என்று சொல்லி, முழு மூக்கையும் வளைக்குள் விட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த வெள்ளி வந்தது. ஜெபக் கூட்டத்துக்கு நரியார் பூசணிக்காய் மாதிரி வீங்கிய மூக்கோடு வந்து முதல் வரிசையில் நின்றார். வராமல் இருந்திருக்கலாம். தலைவர் வராவிட்டால் வேறு யாராவது தலைவர் ஆகிவிடுவார்களே!

வாயிற்கதவருகே வியாகுலம் கொட்டாவி விட்டபடி நின்றார். வளைக்குள் அத்துமீறிய மூக்கைப் பற்றி அவர் ஏற்கெனவே ஆறு தங்கைகளிடமும் சொல்லியாயிற்று.

மெட்டில்டா கிளையில் ஏறினார். தங்கைகள் ஆறு பேரிடமும் கேட்டதை அடக்க முடியவில்லை. கண்ணை மூடினார்.

"நம் தலைவர் ஞானாதிக்கம் அவர்கள், சனிக்கிழமை காலை, காவலாளி வியாகுலத்தின் வளைக்குள் மூக்கை நுழைத்து, பதினேழு முள் ஏறி அவதிப்படுகிறார். அவருக்காக மன்றாடுவோம்!"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் நரியின் மூக்கையே பார்த்தார்கள்.

சிஸ்டர் அலாய்சியா மெல்ல இரண்டாவது காலையும் கீழே ஊன்றினார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

"தலைவரே, தாழம்புதர் வளையில உங்களுக்கு என்ன வேலை?"

"நண்டு ஆயாவுக்கு ஆறுதல் சொல்லத்தான் சிஸ்டர்!"

"ஆறுதலை மூக்காலயா சொல்வாங்க?"

நரியாருக்குக் கோபம் வந்துவிட்டது. மூக்கு வலியோடு புத்தியும் வீங்கியிருந்தது. மெட்டில்டாவைப் பார்த்துக் கத்தினார்.

"எல்லாம் இவளாலதான்! பொய்ச் செய்தி! இத்தனை மாசமா இவ மடல்ல வந்த ஒரு விலாசமாவது தப்பினதுண்டா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

கடைசி வரிசையிலிருந்து கௌதாரி சலேத்து முன்னால் வந்தாள்.

"அருகம்புல்லு..." என்றாள். முயல்குட்டி வரிசையை விட்டு விலகி அவளருகே போய் நின்றது.

நரியார் மெல்லப் பின்வாங்கினார். பின்னால் ஏதோ குத்தியது. வியாகுலம்! நரியார் ஊளையிட்டபடி வேலியைத் தாண்டினார். போனவர் போனவர்தான். சங்கத்துக்குப் புதுத் தலைவர் யார் என்று அந்த நிமிடமே நாலு பேர் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது அடுப்பங்கரைப் பக்கம் டக்கு டக்கென்று சத்தம் கேட்டது. செவத்தியம்மா வந்தார். புது ஓடு பளபளவென்று இறுகியிருந்தது.

மெட்டில்டா இறக்கையை உதறினார். "செவத்தி, நான் நல்ல மனசோடதான் செஞ்சேன்! உனக்காக ஆண்டவர்கிட்டதானே கேட்டேன்!"

"ஆண்டவர் கேட்டாரோ என்னவோ மெட்டில்டாக்கா, நரி கேட்டுச்சு!" என்றார் செவத்தியம்மா. "நல்ல மனசு இருந்திருந்தா, வாயை மூடிக்கிட்டு ஒரு குவளை கஞ்சி கொண்டு வந்திருக்கலாம். ஆண்டவருக்கு என் விலாசம் தெரியாதா? மரத்தில எழுதி மாட்டணுமா?"

மெட்டில்டா புங்க மரத்தில் மாட்டிய மடலைத் தானே கழற்றினார். சலேத்துவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செவத்தியம்மா சலேத்துவின் பக்கத்தில் போய் நின்றார்.

அன்று முதல் வாரமடலில் மன்றாட்டுப் பத்தி இல்லை. மணி அடித்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் சும்மா நிற்பார்கள். சும்மா நிற்பது அந்தப் பள்ளிக்கு ரொம்பக் கஷ்டமான பாடமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மெட்டில்டாவுக்கே இறகு உதிரும் காலம் வந்தது. பறக்க முடியாமல், கழுத்தெல்லாம் வழுக்கையாய், ஒரு முட்புதருக்குள் பதுங்கியிருந்தார். அந்த வழியே கஞ்சிக் குவளையோடு வந்த செவத்தியம்மாவின் கண்ணில் பட்டுவிட்டார்.

"செவத்தி! தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதே!"

செவத்தியம்மா குவளையைப் புதருக்குள் தள்ளிவைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

பிறர் குறையை ஊரறியச் சொல்லி மன்றாடுபவரின் குரல் வானத்துக்கு எட்டுமுன் நரியின் காதுக்கு எட்டிவிடும்.