ஆவுடையப்பன் இறந்த நாள்

பட்டப்பகலில், பதினொரு மணி வெயிலில், பிணம் ஒன்று ஆட்டோவிலிருந்து இறங்கிற்று.

நெற்றி நிறைய விபூதி. அதன் நடுவே ஒட்டிய ஒற்றை ரூபாய் நாணயம். தாடையைச் சேர்த்து உச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. கழுத்தில் ரோஜா மாலை. சாலிகிராமத்துத் தெருக்களுக்கு இவ்வகைக் காட்சிகள் புதியவை அல்ல. தள்ளுவண்டிக்காரர் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வெண்டைக்காயை நிறுப்பதைத் தொடர்ந்தார்.

இறங்கியவர் நடிகர் குலசேகரன். வயது ஐம்பத்தாறு. ஆறாண்டுகளாக, வாரத்துக்கு ஆறு நாள், இரவு எட்டு மணிக்கு, ஆவுடையப்பன் என்னும் அரிசி மண்டிக்காரராக ஊரார் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தவர்.

"சார், நான் இங்கயே வெயிட் பண்றேன்," என்றார் ஆட்டோக்காரர். "திரும்பிப் போறப்ப உங்கள வேற யாரும் ஏத்த மாட்டாங்க."

குலசேகரன் மாலையைத் தோளில் ஒதுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மாடியில் எஸ்தர் டீச்சர் குடியிருந்தார். குலசேகரனைவிட நான்கு வயது இளையவர். நாற்பதாவது வயதில் கூட்டுறவுச் சங்க வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவருக்கு, எப்படி நிற்பது, எப்படி நடப்பது, பேச்சில்லாதபோது கைகளை என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தாம். மாலை வகுப்புக்கு வேண்டிய புடவைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் தலையை உயர்த்தினார்.

"யார் செத்தது?"

"நான்தான் டீச்சர். என்னைக் கொன்னுட்டாங்க. இருங்க, மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சொல்றேன்."

"ஷாட் முடிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப கழுவாதீங்க. அப்படியே உட்காருங்க."

குலசேகரன் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

மறுநாள் அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். அதை ஒட்டி நான்கு நாள் விடுப்பு வேண்டுமென்று இரண்டு மாதங்களுக்கு முன்பே இயக்குநரிடம் சொல்லி வைத்திருந்தார். தாராளமாகப் போய் வாருங்கள் என்றுதான் பதில் கிடைத்தது. இன்று காலை படப்பிடிப்புக்குப் போனால், ஸீன் பேப்பரில் அவருக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. "இன்னிக்கு உங்களுக்கு டயலாக் கிடையாது சார், சும்மா படுத்தா போதும்" என்றார் உதவி இயக்குநர். மேக்கப் அறையில் மாலை ஒன்று தண்ணீர் தெளித்து வைக்கப்பட்டிருந்தது. யாருக்கு என்று கேட்டார். மேக்கப்காரர் பவுடர் டப்பாவைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாலையைப் பார்த்துத்தான் டீச்சர் நான் செத்தது எனக்கே தெரியும். நாலு நாள் லீவு கேட்டதுக்கு மரண தண்டனையா? நூத்திரெண்டு காய்ச்சலோட போய் நின்னிருக்கேன். எங்கப்பா காரியம் முடிஞ்ச மூணாம் நாள், வளைகாப்பு ஸீன்ல பல்லைக் காட்டிச் சிரிச்சிருக்கேன். பொண்ணு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தப்ப நான் எங்க இருந்தேன்? அங்க, அரிசி மூட்டைங்களுக்கு நடுவுல. ஆறு வருஷம் கழிச்சுக் கறிவேப்பிலை மாதிரி எடுத்து வெளிய போட்டுட்டாங்க."

"அநியாயம்," என்றார் டீச்சர்.

இவ்வளவு சுருக்கில் ஒப்புதல் கிடைக்கும் என்று குலசேகரன் எதிர்பார்க்கவில்லை. சமாதானம் சொல்வார் என்றுதான் நினைத்திருந்தார்.

"அநியாயந்தானே?"

"சந்தேகம் என்ன. முகத்துக்கு நேரா சொல்லத் துணிச்சல் இல்லாதவன் மாலை வாங்கி வெச்சிருக்கான். கோழைத்தனம். அடுத்த வாரம் நடிகர் சங்கத்துல எழுதிக் குடுங்க. நானும் வந்து நிக்கறேன். சரி, மாலையைப் பார்த்தப்புறம் என்ன செஞ்சீங்க?"

"படுத்தேன். வேற என்ன செய்யறது? கேமரா ஓடுது. எல்லாரும் சுத்தி உட்கார்ந்து அழ ஆரம்பிச்சாங்க. மூடின கண்ணுக்குள்ள எனக்குக் கொதிக்குது. பொறுத்துப் பார்த்தேன், முடியல. டேக் நடுவுல எழுந்து உட்கார்ந்துட்டேன்."

டீச்சரின் கை நின்றது. "பிணம் எழுந்து உட்கார்ந்துதா?"

"உட்கார்ந்து, 'ஏன்யா, உனக்கு மனசாட்சி இருக்கா'ன்னு டைரக்டரைப் பார்த்துக் கேட்டுது. என் சம்சாரமா நடிக்கிற புஷ்பவல்லி அலறிட்டாங்க. நான் அப்படியே இறங்கி நடந்து வந்துட்டேன்."

"சிரிச்சீங்களா?"

"யாரைப் பார்த்துச் சிரிக்கறது?"

இத்தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர், காட்சி முடிந்து எழுந்ததும், கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். அந்தச் சிரிப்பையும் படமாக்கிய பிறகே கேமராவை அணைப்பார்கள். சாவு நடிப்போடு போயிற்று, ஆளைத் தொடவில்லை என்பதற்கு அது சாட்சி. ஜாதகத்தை நம்பாதவர்கூட இதை மட்டும் மீறுவதில்லை. குலசேகரன் மீறிவிட்டு வந்திருந்தார்.

அப்போது பிணத்தின் இடுப்பில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி தெய்வானை.

"ஏங்க, சிரிக்காம வந்துட்டீங்களாமே. புஷ்பவல்லி இப்பத்தான் சொல்லுச்சு."

"அது அதுக்குள்ள சொல்லியாச்சா?"

"நாளைக்கு வீட்டுல நல்ல காரியத்தை வெச்சுக்கிட்டு இது என்ன வீம்பு? போய் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு வாங்க."

"அவன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குச் சிரிப்பா வரும்?"

"அவர் மூஞ்சியை ஏன் பார்க்கறீங்க? கேமராவைப் பாருங்க."

குலசேகரன் போனை அணைத்து இடுப்பில் செருகினார்.

"நான் போகப் போறதில்ல டீச்சர். பாதிச் சாவோட நிக்கட்டும். ஆள் இல்லாம எப்படி முடிக்கறாங்கன்னு பார்க்கறேன்."

சிறிது நேரத்தில் டீச்சரின் போன் ஒலித்தது. அழைத்தவர் உதவி இயக்குநர். அவரும் டீச்சரிடம் பயின்றவரே. டீச்சர் கேட்டுக்கொண்டார். முடிவில், "சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"என்னவாம்?"

"ரெண்டு மணி வரைக்கும் பார்ப்பாங்களாம். அதுக்குள்ள நீங்க வரலைன்னா, முகத்தை மூடி, வேற யாரையாவது படுக்க வெச்சு எடுத்துடுவாங்களாம்."

குலசேகரனின் முகம் விபூதிக்கு அடியில் சிவந்தது.

"எடுக்கட்டும். எவன் வேணா படுத்துக்கட்டும். எனக்கென்ன?"

டீச்சர் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். புடவைகளை நாற்காலிக்கு மாற்றினார். தரையில் ஒரு பாயை விரித்தார்.

"படுங்க."

"எதுக்கு?"

"அங்க எப்படிப் படுத்தீங்களோ, அப்படி."

பதினாறு ஆண்டுப் பழக்கம். டீச்சர் சொன்னால் உடம்பு கேட்கும். குலசேகரன் படுத்தார். கால் பெருவிரல்களைச் சேர்த்தார். கண்களை மூடினார். டீச்சர் தலைமாட்டில் சம்மணமிட்டு அமர்ந்தார்.

"சாவு வீட்டுக்குப் போனா என்ன செய்வோம்?" என்று கேட்டார்.

"அழுவோம்."

"அழறவங்க அழுவாங்க. மத்தவங்க?"

"போனவரைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பாங்க."

"பேசுங்க. நான் சீரியல் பார்க்கறதில்ல, இவரை எனக்குத் தெரியாது. எப்படிப்பட்ட மனுஷன்?"

"அரிசி மண்டி வெச்சிருந்தார்."

"வியாபாரத்தைக் கேட்கல."

குலசேகரன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கேள்வி தன் கோபத்துக்குப் பொருத்தமற்றது என்றே அவருக்குத் தோன்றிற்று. ஆயினும் கேட்டவர் டீச்சர்.

"வீட்டுல ஒவ்வொருத்தரும் சாப்பிட்டாச்சான்னு கேட்காம இலையில உட்கார மாட்டார். அது பேப்பர்ல இல்ல டீச்சர். முதல் வாரத்துல நானாத்தான் கேட்டேன். அப்புறம் ரைட்டரே எழுத ஆரம்பிச்சுட்டார்."

"அப்புறம்?"

"கோவம் வந்தா வாயைத் திறக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைச்சு முடிக்கற வரைக்கும் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. முடிச்சப்புறம் வர்ற பதில் வேற மாதிரி இருக்கும். தங்கச்சி சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போனா. எல்லாரும் வாசல்ல நின்னு கத்தினாங்க. இவர் மட்டும் பின்னாடியே போய், பஸ்ல அவளுக்கு ஜன்னலோரமா இடம் பிடிச்சுக் குடுத்துட்டு வந்தார்."

"உங்களுக்குக் கோவம் வந்தா?"

"எனக்கா? தட்டு பறக்கும். என் பொண்ணு ஒரு தடவை சொன்னா, 'அப்பா, ஒரு நாளைக்காவது ஆவுடையப்பனா வீட்டுக்கு வாங்களேன்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அன்னிக்கும் ஒரு தட்டு பறந்துது."

டீச்சர் விலகியிருந்த மாலையை அவர் மார்பில் நேராக்கினார்.

"போன தை மாசம் அவ வந்து, ஒரு பையனைப் பிடிச்சிருக்குன்னு நின்னா. வேற ஜாதி. உள்ளேர்ந்து ஏறுது டீச்சர், வாயைத் திறந்திருந்தா வீடு ரெண்டாயிருக்கும். கை தானா மேல போய்க் கண்ணாடியைக் கழற்றுது. துடைக்கறேன், துடைக்கறேன், துடைச்சுக்கிட்டே இருக்கேன். அவ சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கறா. முடிச்சு மாட்டிக்கிட்டுப் பார்க்கறப்ப, என் வாயிலேர்ந்து என்ன வந்துது தெரியுமா? 'கீழ நிக்கறானே, அவன் சாப்பிட்டானா'ன்னு வந்துது. தெய்வானை அடுப்பங்கரையில பாத்திரத்தைக் கீழ போட்டுட்டா. நாளைக்கு நடக்கப்போற நிச்சயதார்த்தம் அப்படி வந்ததுதான்."

"நல்ல மனுஷன்," என்றார் டீச்சர்.

"நல்ல மனுஷன்."

சொன்ன மாத்திரத்தில் அவருக்குப் பழைய கொதிப்பு திரும்பிற்று. பாயில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன.

"அப்படிப்பட்ட ஆளை, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாம, ஒரு காலை நேரத்துல..."

"மறுபடியும் எழுந்துட்டீங்க."

"கோவம் வருதே டீச்சர். எனக்கு நடந்தது அநியாயம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். உங்களுக்கு நடந்தது அநியாயம். அதைச் சங்கத்துல கேட்போம், விட மாட்டோம். இன்னிக்குச் செத்தது யாரு?"

குலசேகரன் வாயைத் திறந்தார். மடியில் கிடந்த இதழைப் பார்த்தார்.

"ஆவுடையப்பன்."

"அவர் சாவுக்கு யார் யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

"எல்லாரும்தான். சம்சாரம், தங்கச்சி, தம்பிங்க ரெண்டு பேரும், மண்டி ஆளுங்க." அவர் குரல் தணிந்தது. "அந்தத் தங்கச்சிப் பொண்ணு கிளிசரின் வேண்டாம்னுட்டா. லைட்மேன் ஒருத்தர் ஏணி மேலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னார்."

டீச்சர் எழுந்து, உதிர்ந்த இதழ்களைக் கையால் கூட்டி எடுத்தார்.

"எல்லாரும் வந்திருக்காங்க," என்றார். "நீங்கதான் இன்னும் போகல."