உடும்பு பிடித்த பாறை

காட்டு மேட்டில் ஒரு பெரிய செம்பாறை. அதன் வெடிப்புக்குள் மினுக்கி என்ற அரணை தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. பாறையின் உச்சியில் ஓர் உடும்பு. அந்தப் பாறைக்கே தான்தான் சொந்தக்காரன் என்று அதற்கு நினைப்பு.

அரணைகளுக்கு மறதி அதிகம் என்று காடே கேலி பேசும். கேட்டுக் கேட்டு மினுக்கியும் அதை நம்பிவிட்டது. வாசலில் ஓர் எறும்பு போனால்கூட, "இது இப்போது போனதா, நேற்றுப் போனதா?" என்று குழம்பி நிற்கும், பாவம்.

ஒருநாள் வெடிப்புக்குள் நுழையும்போது அதற்குத் திக்கென்றது. போன மழைக்காலத்தில் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைந்ததாக ஞாபகம். இப்போதோ உருண்டு புரண்டு போகலாம் போலிருந்தது. மேலேயிருந்து ஓர் ஆலங்கன்றின் வேரும் அதே வெடிப்புக்குள் இறங்கியிருந்தது.

மினுக்கி உச்சியைப் பார்த்துக் குரல் கொடுத்தது. "உடும்பண்ணே, வெடிப்பு பெரிதாகிக்கொண்டே போகிறதா? மேல்கல் என் குட்டிகள் மேல் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

"பாறையாவது, விழுவதாவது? நீதான் இளைத்திருப்பாய்" என்றது உடும்பு. "உன் புத்திதான் மாறும். பாறை மாறாது. போய் வேலையைப் பார்."

மினுக்கி தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. இளைத்த மாதிரியும் இருந்தது, பருத்த மாதிரியும் இருந்தது. மனசு ஆறாமல் ஓடைக்கு ஓடியது. அங்கே கரையில் ஒரு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தது.

"நண்டக்கா, பாறை மாறுமா?"

"மாறாமல் என்ன? இந்த மணல் எங்கிருந்து வந்ததென்று நினைத்தாய்? வெயிலில் காய்ந்து மழையில் ஊறி, உன் பாறைதான் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து வருகிறது."

"அப்படியானால் பாறை மணலாகிவிடுமா?"

"மணல் மறுபடியும் பாறையாகும். இங்கே பார்." நண்டு கரையின் அடியில் வரிவரியாக இருந்த ஒரு கல்லைக் காட்டியது. "மணல் மேல் மணல் படிந்து, அழுந்தி இறுகிய கல் இது. உள்ளே நத்தை ஓடு தெரிகிறதா? மணலாக இருந்தபோது புதைந்தது."

"பாறை மணலாகும், மணல் பாறையாகும் என்றால் எதைத்தான் நம்புவது?"

"இன்னும் கேள். பூமிக்கு வெகு ஆழத்தில் கல்லே கஞ்சி மாதிரி உருகிப்போகுமாம். அது ஆறி இறுகித்தான் உன் பாறை உண்டானதாம். நான் போய்ப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். கல் உண்டாக யுகம் யுகமாகும். ஆனால் வெடித்த கல் சரிய ஒரு நல்ல மழை போதும்."

மினுக்கிக்குத் தலை கிறுகிறுத்தது. உடும்பண்ணன் சொல்வது சரியா, நண்டக்கா சொல்வது சரியா? ஒன்றும் புரியாமல் குனிந்து மணலைப் பார்த்தது. சிவப்பும் கறுப்புமாகப் பொடி, நடுநடுவே பளபளப்பு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே...

குட்டிகளின் முதுகில்!

"இன்று காலையில்கூட இதைத்தானே நக்கித் துடைத்துவிட்டேன். இதில் மறந்துபோக என்ன இருக்கிறது? மேலேயிருந்து உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது" என்றது மினுக்கி. நண்டிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடியது.

குட்டிகளை வெளியே விரட்டி, மேட்டின் மறுபக்கத்துப் புதருக்குக் கூட்டிப்போனது. உடும்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"நீங்களும் இறங்கி வாருங்கள், அண்ணே."

"நான் பிடித்தால் பிடித்ததுதான். நீ போ."

அன்று மாலையே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மேல்கல் மடமடவென்று பிளந்து சரிந்து, ஓடைக்குள் போய் விழுந்தது. வெடிப்பு இருந்த இடம் நொறுங்கிக் கிடந்தது. மினுக்கி குட்டிகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து அழுதேவிட்டது.

மழை விட்டதும் ஓடைக்கு இறங்கி வந்தது. நடு ஓடையில் அந்தக் கல். அதன் மேல் தோல் சிராய்ந்து, வாலும் நசுங்கி, உடும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாறையோடு சேர்ந்து விழுந்துவிட்டீர்களே!"

உடும்பு சுற்றிலும் ஓடும் தண்ணீரைப் பார்த்தது. மேட்டைப் பார்த்தது.

"பாறை அசையவில்லை. ஓடைதான் இங்கே ஏறி வந்திருக்கிறது" என்றது, பிடியை விடாமலே.

குழம்பினாலும் கண்ணைத் திறந்து பார்ப்பவர் பிழைத்துக்கொள்வார். எல்லாம் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டவர், விழுந்த பிறகும் விழுந்ததை அறியமாட்டார்.